தப்பெண்ணங்களுட் கொடியது யாது?

ஒருவரை அறிதற்கு முன்னரே அவர் இத்தன்மையர் எனத் துணிந்து இகழும் எண்ணம் தப்பெண்ணம் எனப்படும். அஃது உலகிற் பல வடிவாய்க் காணப்படுகின்றது. நகரத்தார் நாட்டுப்புறத்தார் பேச்சைக் கேட்டு நகுவர். கற்றார் கல்லாரை எள்ளுவர். செல்வர் கந்தையுடுத்தாரை ஐயுறுவர். குலத்தால் உயர்ந்தேம் என்பார் ஏனையோரைத் தொடவுங் கூசுவர். இவற்றுட் சிலவற்றைச் சமுதாயம் நகைத்து விடுகின்றது. சிலவற்றைக் குற்றமெனக் கடிகின்றது. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தண்டமும் வகுத்தது. பிறர் பேச்சைக் கேட்டு நகுவார்க்கு அத்தகைய தண்டமில்லை. இவ்வேறுபாடு அறத்தின்பாற்பட்டதோ, காலத்தின் வழக்கோ என்பது ஆராயற்பாலது.

சைவசித்தாந்தத்தின்படி இவையனைத்திற்கும் வேர் ஒன்றே. அஃது ஆணவமலம். அறிவை மறைக்கும் அம்மலத்தால் உயிர் தன்னைப் பெரிதாகவும் பிறவுயிரைச் சிறிதாகவும் பிறழக் காண்கின்றது. வேர் ஒன்றாயின் ஏற்றத்தாழ்வு யாங்ஙனம் கூடும் எனின், நெருப்பு ஒன்றேயாயினும் அடுப்பில் எழுந்த பொறியும் கூரையிற் பற்றிய தீயும் ஒரு நிகரன அல்ல என்க.

அவற்றை அளக்கும் அளவைகள் மூன்று. முதலாவது, இகழப்படுந் தன்மை மாற்றத்தக்கதோ என்பது. உடையும் கல்வியும் மாறும். பிறந்த பிறப்பு மாறாது. இரண்டாவது, இகழ்வார்க்கு அதனைச் செயலாக்கும் வலிமை உண்டோ என்பது. வறியோன் செல்வர்பாற் கொண்ட தப்பெண்ணம் பெரும்பாலும் அவனுள்ளத்தையே கெடுக்கும். நிலமும் நீர்த்துறையும் தங் கையிலுடையார் கொண்டது பிறர் உணவையும் நீரையும் தடுக்கும். மூன்றாவது, அஃது இறைவன் பெயரைத் துணைக்கொள்கின்றதோ என்பது. உணவைத் தடுத்தல் உடம்பிற்குச் செய்யுங் கேடு. சரியை கிரியைகட்கு நிலைக்களமாகிய ஆலயத்தின் வாயிலை அடைத்தல் உயிர்க்குச் செய்யுங் கேடு. தீண்டாமை இம்மூன்றும் ஒருங்குடையது. ஆதலின் அதனைப் பெருங்குற்றமெனக் கொண்டது அறமேயாம்.

குடிப்பிறப்பு முன்வினைப் பயனாதலின் இகழ்ச்சியும் நுகரற்பாலதே என்பாரும் உளர். அவர் வினைக்கொள்கையைப் பிறழ உணர்ந்தார். ஒரு குடியைத் தாழ்ந்ததென வகுத்தது மாந்தர் வழக்கேயன்றி இறைவன் ஆணையன்று. வினை சடமாதலின் தானே சென்று பயனூட்டாது. இறைவனே அறிந்து கூட்டுவன் என்பது சித்தாந்தம். ஊட்டும் உரிமை அவனதாக, இகழ்வான் அதனைத் தனதாக்கிக் கொள்கின்றான். அவ்விகழ்ச்சி தனக்கு ஆகாமியமாய் ஏறுதலை அறியான்.

உயிர்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் எனச் சித்தாந்தமே வகைப்படுத்திற்றன்றோ எனின், மாந்தர் யாவரும் மும்மலமுடைய சகலரேயாவர். இகழ்வானும் இகழப்பட்டானும் ஒரே வகையினர். அவருட் பக்குவம் வேறுபடினும் அதனை அறிவான் இறைவன். குலம் அதற்கு அளவையன்று.

திருநீலகண்ட யாழ்ப்பாணரை மதுரைத் திருக்கோயிலில் இறைவன் ஆணையால் அடியார்கள் திருமுன் கொணர்ந்தனர் எனவும், சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் அப்பாணர்க்குத் தம் மனையில் வேதிகையின் பக்கத்தே இடமளித்தபோது வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று எனவும் பெரியபுராணங் கூறும். அம்மதுரைத் திருக்கோயிலின் வாயில், தீண்டப்படாதார் எனப்பட்டார்க்கு 1939-ஆம் ஆண்டிலேதான் திறந்தது. நூலைத் தலைமேற் கொண்டு, அதன் கருத்தை வாயிற்புறத்தே நெடுங்காலம் நிறுத்தி வைத்தமை சைவவுலகம் எண்ணி நாணற்பாலது.

எனினும், பெருங்குற்றங் கடியப்பட்டமையாற் சிறியன குற்றமல்லவாதல் இல்லை. பிறர் தப்பெண்ணத்தைக் கொடிதென்றும் தன்னதை வழக்கமென்றும் கூறுதல் உலகியல்பு. சட்டம் கையையும் வாயையும் தடுக்கும், உள்ளத்துட் செல்லமாட்டாது. நகைத்து விடப்படுஞ் சிற்றிகழ்ச்சியும் ஆணவத்தின் முளையே. வலிமையும் வாய்ப்புங் கூடின் அப்பொறியே கூரைத்தீயாம். ஆதலின் உலகம் கடிந்ததை மட்டும் விலக்கி அமைதல் சைவர்க்குப் போதாது. தாம் வணங்கும் இறைவனே எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்கின்றான் என்பதை மறவாதார்க்கு இகழ்தற்குரியார் ஒருவரும் இலர்.