பிறர் உடம்பில் ஸப்ரு செய்யலாமா?

ஸப்ரு என்னும் பொறுமையைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். நோய் வந்தால் பொறு, நஷ்டம் வந்தால் பொறு, மௌத் நேர்ந்தால் பொறு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அது சரிதான். ஆனால் நோய் என்னுடையதாக இல்லாமல், வாய் பேசத் தெரியாத என் குழந்தையுடையதாக இருந்தால், அந்தப் பொறுமை யாருடைய பொறுமை? இந்தக் கேள்வி எனக்குக் கிதாபிலிருந்து வரவில்லை. என் ராத்தாவின் வாயிலிருந்து வந்தது.

2022-ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில் ராத்தாவின் கடைசி மகளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. காதில் பாங்கு சொன்னோம். வீடெல்லாம் மகிழ்ச்சி. இரண்டாம் நாள் குழந்தையின் கால் விரலில் ஒரு சிறு கருவியை மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறதென்று நர்ஸ் பார்த்தார். மிகவும் குறைவாக இருந்தது. அழும்போது உதடும் நகக் கண்களும் நீலம் பாரிப்பதை அதன் பிறகுதான் நாங்களும் கவனித்தோம். அன்றிரவே பட்டணத்துக்குக் கொண்டு போனோம். அங்கே எக்கோ பரிசோதனை செய்து, இருதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறி அமைந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இருதயத்தின் வலப்பக்கம் கெட்ட இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே சுத்தமாகி வரும் இரத்தத்தை இடப்பக்கம் உடம்புக்குத் தள்ளுகிறது. குழாய்கள் இடம் மாறிவிட்டால் சுத்த இரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகும், கெட்ட இரத்தம் உடம்பையே சுற்றி வரும். இரண்டு வட்டங்களும் சந்திப்பதில்லை. பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு சிறு துவாரமும், பெரிய குழாய்களுக்கிடையே ஒரு சிறு இணைப்பும் இருக்கும். அவை சில நாட்களில் தாமாகவே மூடத் தொடங்கும். "இருதயத்தில் ஓட்டை" என்று கேட்டாலே நாம் பதறுகிறோம். இந்தக் குழந்தையை உயிரோடு வைத்திருந்ததே அந்த ஓட்டைதான். குழாய்களுக்கிடையே உள்ள இணைப்பு மூடிவிடாமலிருக்க மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பும் பாதையை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் டமாஸ்கஸில் படித்துக் கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள். அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹும் கற்றவர். மருத்துவம் வேறு, மார்க்கம் வேறு என்று நம்மில் சிலர் பிரிப்பதைப் பார்க்கும்போது அவர் நினைவு வருகிறது.

குழாய்களை வெட்டி, உரிய இடத்தில் மாற்றித் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்யாவிட்டால் இருதயத்தின் இடப்பக்கம் பலம் குன்றிவிடும். சிகிச்சையின்றி விட்டால் இத்தகைய குழந்தைகளில் பத்தில் ஒன்பது முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. தேர்ந்த கைகள் செய்யும் இடங்களில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கின்றன. ஆயினும் நெல்லிக்காய் அளவே உள்ள இருதயம், நூலைப் போன்ற நாளங்கள். எதுவும் நேரலாம் என்று எழுதிய காகிதத்தில் வாப்பா கையெழுத்திட வேண்டும். மருமகன் பேனாவைப் பிடித்தபடி எங்கள் முகத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் ராத்தா என்னைத் தனியே அழைத்தார்கள். "ஏழு நாள் பிள்ளை நெஞ்சைப் பிளக்கணுமா தம்பி? அல்லாஹ் தந்தபடியே அவன் கையில விட்டுடுவோம். பாவம் அறியாத பிள்ளை. போனாலும் சுவர்க்கத்துக்குத்தான் போகும். நாம ஸப்ரு செய்வோம்."

இதை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ராத்தா அதைச் சும்மா சொல்லவில்லை. 1974-ல் அவர்களுடைய தலைச்சன் பிள்ளையும் இப்படித்தான் நீலம் பாரித்தது. பஸ்ஸில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இருதயக் கோளாறு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பதினோராம் நாள் மௌத்தாகிவிட்டது. சிறு பிள்ளையை இழந்து பொறுமை காத்த தாய்க்குச் சுவர்க்கம் உண்டென்ற நன்மாராயத்தைப் பிடித்துக்கொண்டுதான் ராத்தா இத்தனை வருடங்களை ஓட்டினார்கள். அந்தப் பிடியை யார் அசைத்தாலும் அவர்களுக்கு வலிக்கும்.

தவக்குலைப் பற்றிய பதில் எளிது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னது நம் நாயகம் (ஸல்) அவர்கள். மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படி ஏவியதும் அவர்களே. கொள்ளை நோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே போவதாக உமர் (ரலி) பதிலளித்தார்கள். நோய் அவன் நாட்டமென்றால் மருந்தும் அவன் நாட்டமே. இவ்வளவும் ராத்தாவுக்கும் தெரியும்.

ராத்தாவின் சொல்லில் என்னைத் தடுமாற வைத்தது "நாம ஸப்ரு செய்வோம்" என்பதுதான். ஹதீஸில் ஒரு கறுப்பினப் பெண்மணியின் செய்தி வருகிறது. வலிப்பு நோய் உள்ள அவர், தமக்காக துஆச் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் ஷிஃபாவுக்காக துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அந்த அம்மையார் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். வலிப்பு வரும்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டுக்கொண்டார். பொறுமைக்கு எவ்வளவு பெரிய அந்தஸ்து! ஆனால் கேட்கப்பட்டவர் யார் என்று கவனியுங்கள். நோயாளியே கேட்கப்பட்டார், நோயாளியே தேர்ந்தார். அவருடைய தந்தையையோ பாட்டியையோ அழைத்து யாரும் கேட்கவில்லை.

நம் ஷாஃபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வது சுன்னத்து. தவக்குலின் காரணமாக ஒருவர் தமக்குச் சிகிச்சையை விட்டுவிட்டால் அது சிறப்பே என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது தமக்குரிய வழக்கு. குழந்தை நமக்குச் சொந்தமன்று, அமானத். அமானத்தைக் காப்பவர், பொருள் கெட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்து நான் பொறுமை காத்தேன் என்று உடையவனிடம் சொல்ல முடியுமா? 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானமும் இதே திசையில்தான் போகிறது. சிகிச்சையை விட்டால் உயிர் போகுமென்றால் சிகிச்சை கடமையாகிறது. தம் பொறுப்பில் உள்ளவருக்குத் தெளிவாகத் தீங்கு தரும் விதத்தில் வலீ மறுத்தால் அந்த மறுப்பு கணக்கில் வராது என்று அதில் கண்டிருக்கிறது. சுவர்க்கத்தைப் பற்றிய நன்மாராயம் இழந்தவர்களுக்கு அருளப்பட்ட ஆறுதல். இழப்பதற்கு அதை அனுமதிச் சீட்டாகக் கொள்ள முடியாது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. எந்தச் சிகிச்சையும் பயன் தராது, வேதனையை நீட்டிப்பதே மிச்சம் என்று நேர்மையான மருத்துவர்கள் சொல்லும் குழந்தைகள் இருக்கின்றன. அங்கே கத்தியை வேண்டாமென்று சொல்லிக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் பெற்றோரை யாரும் குறை சொல்லலாகாது. ஆலிமிடம் கேட்கும் முன் மருத்துவரிடம் முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக் கேள்விக்குப் பாதி ஃபத்வாதான் கிடைக்கும்.

இருதய நுரையீரல் இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்று மருமகன் கலங்கினார். மாற்று மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில், உயிர் காக்கும் அளவுக்கு அனுமதி உண்டு என்று ஹஸ்ரத் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஆபரேஷன். என் மருமகளுக்கோ நிஃபாஸ் காலம். "எல்லாரும் தொழுறீங்க, மாமா. நான் மட்டும் ஸஜ்தா செய்ய முடியாம உட்கார்ந்திருக்கேன்" என்று அழுதாள். தொழுகைதான் இல்லை, துஆவின் வாசலும் திக்ரின் வாசலும் அவளுக்கு அடைபடவில்லை என்று எடுத்துச் சொன்னேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தக் கதவு வரை அவளே கூடப் போனாள். மூஸா (அலை) அவர்களின் தாயார் பால் மணம் மாறாத பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட வரலாறு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்குப் பயம் வந்தபோதே அவர்களுக்கு வந்த உத்தரவு, மார்போடு அணைத்துக்கொள் என்பதன்று, ஆற்றில் விடு என்பது. விட்ட பின் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. மூஸா நபியின் சகோதரி கரையோரமாகவே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு வீட்டார் செய்யக்கூடியது அவ்வளவுதான். ஆறு மணி நேரம் நாங்களும் வராந்தாவில் அப்படித்தான் கரையோரம் நின்றோம்.

மருமகள் தேம்பியபோது, அழாதே, ஸப்ரு போய்விடும் என்று யாரோ அதட்டினார்கள். மகளாரின் குழந்தை மூச்சுத் திணறிய நிலையில் மடியில் தரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. ஸஅத் (ரலி) வியந்து கேட்டதற்கு, இது அல்லாஹ் உள்ளங்களில் வைத்த ரஹ்மத் என்றார்கள். அந்தச் சபையில் இல்லாத கண்டிப்பு நமக்கு எதற்கு?

இன்னொரு பெண் மெல்ல வந்து, கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாயா என்று மருமகளிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் (ரலி) மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அதை இணைத்து மக்கள் பேசியபோது, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துக்கத்திலும் திருத்தினார்கள். நாம் இன்னும் திருந்தவில்லை. குழந்தையின் இருதயம் கருவின் முதல் எட்டு வாரங்களிலேயே பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. கருவுற்றது பல தாய்மாருக்குச் சரியாகத் தெரிவதற்கு முன்பே! அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் யாருக்கு என்ன நன்மை?

அல்ஹம்துலில்லாஹ், குழந்தை பிழைத்தது. செயற்கைச் சுவாசக் குழாயை நாலாம் நாள் எடுத்தார்கள். பிறகுதான் உண்மையான உழைப்பு. பாலைப் பீய்ச்சி மூக்குக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். ரமலான் பிறந்தது. இரண்டு மணிக்கொரு தடவை பால். அந்த எண்ணிக்கையில் ஸஹரும் ஒன்றாகக் கலந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பின் நெஞ்செலும்பு கூடும் வரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தலைக்கும் பிட்டத்துக்கும் கீழே கை கொடுத்து ஏந்த வேண்டும். பார்க்க வருவோர் முத்தமிடக் கூடாது. சேனை வைக்கிறோம் என்று தேன் கிண்ணத்தோடு வந்த மாமியைத் திருப்பி அனுப்பினோம். ஒரு வயது வரை தேன் ஆகாது. அவர் கோபித்துக்கொண்டார். அகீகா பிந்தியதையும் சிலர் குறையாகப் பேசினார்கள். பருவ வயது வரை அதற்கு அவகாசம் உண்டு.

இருபத்தேழாம் இரவு. தராவீஹ் முடிந்து வந்தேன். ராத்தா குழந்தையை ஏந்தியபடி ஊஞ்சலில் அமர்ந்திருந்தார்கள். தலை நிமிராமலே கேட்டார்கள்: "அப்போ அந்தப் பிள்ளையை நான் விட்டுட்டேனா தம்பி?"

இந்த ஆபரேஷனை முதன்முதலாக வெற்றியுடன் செய்தவர் பிரேசில் நாட்டின் டாக்டர் ஜாட்டீனி. அது 1975-ல். நம் பக்கம் வந்து சேர இன்னும் பல வருடங்கள் ஆயின. நம் பிள்ளைக்கு இதே கோளாறுதானா என்று கண்டுபிடிக்கக்கூட அன்றைக்கு நம் ஊர்ப் பக்கம் வழியில்லை. பஸ் போகும் தூரமெல்லாம் நீங்கள் போனீர்கள் ராத்தா, அதற்கு மேல் பாதையே இல்லை. எட்டாததை அல்லாஹ் யாரிடமும் கேட்பதில்லை என்றேன்.

ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "மருந்து நேரமாச்சு, அந்தச் சொட்டுக்குழாயை எடு" என்றார்கள்.