போதும் என்று தெரிந்து செய்த கருவி

பௌர்ணமி நாள்களில் நுகேகொடை விகாரைகளில் ஓதப்படும் பிரித்தில் கரணீய மெத்த சூத்திரத்துக்கு நிலையான இடமுண்டு. நன்மையை நாடுபவனுக்கு அது விதிக்கும் குணங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை: அவன் கிடைத்ததில் நிறைவு காண்பவனாக இருக்கவேண்டும், பிறருக்குப் பாரமில்லாமல் எளிதில் பராமரிக்கத்தக்கவனாகவும் இருக்கவேண்டும். இந்த ஊரில் வாழும் தமிழ்ப் பிள்ளை படிக்கும் திருக்குறளிலும் அவாவறுத்தலுக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இரண்டு மரபுகளும் கைகோக்கும் இந்த இடத்திலேயே நியாயமான ஒரு சந்தேகமும் எழுகிறது. போதும் என்பது அறிவா, கிடைக்காதவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா? துறவியின் வாழ்வைக் காட்டி விடை சொல்லிவிடலாம். ஆனால் வீடு, தொழில், கடன் என்று வாழ்பவருக்கு அந்தச் சான்று மிகவும் எட்டத்தில் இருக்கிறது. சந்தையின் நடுவில் நின்று ஒருவர் போதும் என்று முடிவெடுத்து, அதன் விளைவும் வெளிப்படையாகத் தெரிந்த ஓர் உதாரணம் வேண்டும். 1989இல் ஜப்பானில் வெளிவந்த கேம்போய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அத்தகைய உதாரணம் என்பது என் வாதம்.

அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொகோய், 1965இல் நின்டெண்டோ நிறுவனத்தில் விளையாட்டுச் சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்தவர். கல்குலேட்டரில் இருந்த மலிவான திரவப் படிகத் திரையைக் கொண்டு 1980இல் கேம் அண்ட் வோச் என்ற சிறு கருவிகளைத் தொடக்கிவைத்தவரும் அவரே. பழகிப்போன, விலை விழுந்த, குறைநிறை முழுவதும் தெரிந்த தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புதிய வேலை கொடுப்பது அவருடைய கொள்கை. கேம்போயின் திரையில் 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள், பின்னால் வெளிச்சம் இல்லை. படம் தெளிவாகத் தெரியவேண்டுமானால் பிள்ளை யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பக்கவாட்டில் இருந்த சிறு சக்கரத்தை விரலால் உருட்டிச் சரிசெய்யவேண்டும். பற்றரி தீரத் தீரத் திரைக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு விளக்கு மங்கிவரும். வர்ணத் திரை அப்போது எவருக்கும் எட்டாத பொருளாக இருக்கவில்லை. அதே 1989இல் அட்டாரியின் லிங்ஸ் வர்ணத்தோடும் வெளிச்சத்தோடும் வந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. கேம் கியருக்கு ஆறு ஏஏ பற்றரிகள் போடவேண்டும். அவை மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். கேம்போய்க்கு நான்கு போதும். பத்து மணித்தியாலத்துக்கு மேலும் தாங்கும். அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 90 டொலர், கேம் கியருக்கு 150 டொலர். கேம் கியர் விற்றது சுமார் ஒரு கோடி. கேம்போய், பின்னால் வந்த அதன் வர்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடி 80 லட்சத்தைத் தாண்டியது. எளிதில் பராமரிக்கத்தக்கது என்ற குணம் ஒரு கருவிக்கும் பொருந்துமானால் அதற்கு இதைவிட நேரடியான உதாரணத்தை நான் அறியேன்.

வென்றது கருவியல்ல, டெட்ரிஸ் விளையாட்டுத்தான் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தே விற்றார்கள். ஆனால் டெட்ரிஸ் அந்தச் சாம்பல் திரையில் ஏன் எதையும் இழக்கவில்லை என்று பார்க்கவேண்டும். 1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்சி பஜித்னோவ் அதை எழுதியபோது அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே இருக்கவில்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் விழும் கட்டைகளைக் காட்டினார். நிறத்தை நம்பிப் பிறக்காத விளையாட்டுக்கு நிறமில்லாத திரை குறையாகப் படவில்லை. 1990களில் புறக்கோட்டைச் சாமான்களோடு நம் வீடுகளுக்கு வந்த மலிவான பிரிக் கேமிலும் அதே கட்டைகள்தான் விழுந்தன. அந்தப் பெட்டியின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, மற்றதெல்லாம் அவற்றின் வேகத்தையும் நிலையையும் மாற்றிக் கூட்டிய கணக்கு. பிள்ளைகளை மணிக்கணக்காக இருத்தி வைத்தது அந்த எண் அல்ல, ஒரே ஒரு நல்ல விளையாட்டு.

இதைவிடக் கனமான மறுப்பு யொகோயின் வாழ்விலேயே இருக்கிறது. 1995இல் அவர் கொண்டுவந்த வெர்ச்சுவல் போயும் பழகிய, மலிவான பொருள்களால் ஆனது. அதன் படமும் சிவப்பு ஒன்றில் மட்டுமே தெரிந்தது. அது படுதோல்வி கண்டு ஓராண்டுக்குள் நின்றுபோனது. சிக்கனம் அறிவானால் இங்கே ஏன் தோற்றது? பொருள்களில் மட்டுமே அங்கே சிக்கனம் இருந்தது, நோக்கத்தில் இல்லை என்று நான் கருதுகிறேன். மேசையில் நிறுத்திய பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து, சுற்றியிருக்கும் உலகை மறந்து வேறோர் உலகில் மூழ்கச் சொன்னது அந்தக் கருவி. அத்தனை பெரிய வாக்குறுதியைச் சிவப்புப் புள்ளிகளால் நிறைவேற்ற முடியவில்லை. போதும் என்பது ஒரு நோக்கத்தோடு பொருத்திப் பார்த்த பின்னரே அறிவாகிறது; எதற்குப் போதும் என்று கேட்காமல் வெறுமனே குறைப்பது கஞ்சத்தனம். நின்டெண்டோவை விட்டு வெளியேறிய யொகோய், பண்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் என்ற கருவியில் பங்கெடுத்தார். 1997இல் வீதி விபத்தில் அவர் இறந்த பின்னர், 1999இல் அது வெளிவந்தது. மீண்டும் நிறமற்ற திரை, ஒரே ஒரு ஏஏ பற்றரி.

பௌத்தர் ஒருவர் வேறு திசையிலிருந்து மறுக்கலாம். தீக நிகாயத்தின் பிரம்மஜால சூத்திரம் எட்டுக் கட்டப் பலகை, பத்துக் கட்டப் பலகை, தாயக்கட்டை, பந்து, பொம்மைக் கலப்பை, பொம்மைத் தேர் என்று நீண்ட பட்டியலிட்டு, இவற்றிலிருந்து புத்தர் விலகியிருந்தார் என்கிறது. விளையாட்டுக் கருவியை வைத்து நிறைவைப் பேசுவது முறையா? அந்தப் பகுதி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை மறக்கக்கூடாது. பக்தர் இட்ட உணவை உண்டுகொண்டு ஆட்டத்தில் காலம் கழிக்கும் துறவிகளையே அது கண்டிக்கிறது. மேலும் விளையாடுவது புண்ணியம் என்றோ, இலாபத்துக்காக உழைத்த யொகோய் ஒரு ஞானி என்றோ நான் சொல்லவில்லை. கூடுதலாக எடுத்துக்கொள்ள வழியிருந்தும், தேவையை அளந்து பார்த்து ஒருவர் குறைவாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவருடைய வேலை சாட்சி. என் வாதத்துக்கு அவ்வளவே வேண்டும்.

எஞ்சியிருக்கும் மறுப்பே என்னை அதிகம் தைப்பது. நிறைவைப் போதிப்பது இருப்பவர்களுக்கு எப்போதும் வசதி. 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தை எட்டியது. காஸ், மண்ணெண்ணெய், பால்மா எல்லாவற்றுக்கும் வரிசை. அந்த வரிசையில் நின்ற தாயிடம் போதும் என்ற மனத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. பஜித்னோவிடம் படம் வரையும் கணினி இருக்கவில்லை, யொகோயிடம் வர்ணத் திரையை வாங்கும் வழி இருந்தது. இருவர் கையிலும் நல்ல பொருளே உருவானாலும் முதலாவது திணிக்கப்பட்ட தட்டுப்பாடு, இரண்டாவது தெரிவு. முதலாவதைக் கடந்து வந்த மனிதரை நாம் பாராட்டலாம், அந்த நிலையை அறம் என்று அழைக்கக்கூடாது. வள்ளுவர் இந்த வேறுபாட்டில் தெளிவாக இருந்தார். அவாவறுத்தலைத் துறவறவியலில் வைத்தவர், இல்லாமையின் துன்பத்தைச் சொல்ல நல்குரவு என்று தனியாக இன்னோர் அதிகாரம் வகுத்தார். அங்கே வறுமைக்கு ஆறுதல் இல்லை. அதன் கொடுமை மட்டுமே சொல்லப்படுகிறது.