மறதிக்கும் ஒரு சஜ்தா



ஹவ்ளில் உட்கார்ந்து ஒளூவைத் திரும்பத் திரும்பச் செய்யும் சிலரைப் பார்த்திருப்பீர்கள். இமாம் ருகூவுக்குப் போயிருப்பார். இவர் இன்னும் முழங்கையைக் கழுவிக்கொண்டிருப்பார். அவர் இதைப் பேணுதல் என்று நினைக்கிறார். உலமாக்கள் இதை வஸ்வாஸ் என்கிறார்கள்.

இந்த நோய் பள்ளிவாசலுக்கு வெளியேயும் இருக்கிறது. ஒரு ஆர்டர் தவறிப்போனால் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று முடங்கிவிடுகிறார் ஒரு வியாபாரி. பிள்ளையின் மார்க் குறைந்தால் தன் வளர்ப்பே தோற்றுவிட்டதாக அழுகிறார் ஒரு தாய்.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் தமிழக அரசு நிறுத்தியது. அதுவரை அந்த இடங்களுக்காகவே நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் எத்தனையோ பேர். பட்டியல் நின்றுவிட்டது. ஆனால் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று குடும்பஸ்தர்கள்; அவர்கள் மனதுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இஸ்லாம் இஹ்ஸானைத்தானே கேட்கிறது? எதையும் அழகாகச் செய்யத்தானே சொல்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இஹ்ஸான் உள்ளவரின் பார்வை அல்லாஹ்வின் மீது இருக்கும். குறையே கூடாது என்று தவிப்பவரின் பார்வை தன் மீதும், மனிதர்களின் பேச்சின் மீதும் இருக்கும். ஆதமுடைய மக்களை நாம் கண்ணியப்படுத்தினோம் என்கிறான் அல்லாஹ், பனீ இஸ்ராயீல் சூராவில். அது மார்க் வாங்கிய பிறகு கிடைத்த கண்ணியம் அல்ல.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டிலேயே முடித்துவிட்டார்கள். ஸஹாபி ஒருவர் நினைவூட்டியதும், விடுபட்டதைத் தொழுது, இரண்டு சஜ்தா செய்தார்கள். முழுத் தொழுகையையும் முதலிலிருந்து தொழவில்லை. மறதிக்கான பரிகாரத்தை அல்லாஹ் தொழுகைக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

நம் கோவை லேத் பட்டறைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் என்றாலும், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று டிராயிங்கிலேயே டாலரன்ஸ் போட்டிருக்கும். மனிதன் செய்வது என்று தெரிந்துதான் அதைப் போடுகிறார்கள். நம்மைப் படைத்தவனுக்கு நம் பலவீனம் தெரியாதா?

அதற்காக அலட்சியமாக இருந்துவிடலாம் என்பதல்ல. அவசர அவசரமாகத் தொழுத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பி, பிறகு கற்றுக் கொடுத்தார்கள். தொழுகை சரியில்லை என்றார்களே தவிர, அவரை இழிவாகப் பேசவில்லை. நம் வீட்டில் பிள்ளைகளிடமும், கடையில் வேலை செய்பவரிடமும், நம் மனதோடும் நாம் இப்படித்தான் பேசுகிறோமா?

தவறு நடந்தால் திருத்துங்கள். அடுத்தவர் உரிமை பாதித்திருந்தால் ஈடுசெய்யுங்கள். இஸ்திஃபார் செய்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள். தவிப்பு தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறதென்றால் மருத்துவரைப் பாருங்கள். அது ஈமானின் குறை அல்ல.

முயற்சியை நம்மிடம் கேட்டு, முடிவைத் தன்னிடம் வைத்திருக்கும் ரஹ்மான், நம் குறையுள்ள அமல்களையும் கபூல் செய்வானாக! ஆமீன்.