மூச்சும் செபமும்



"சுவாமி, என் மகன் விடியற்காலையில் பாய் விரித்துச் சம்மணமிட்டு, கண்ணை மூடி மூச்சை அடக்கி உட்காருகிறான். பூசையில் கிடைக்காத அமைதி இதிலே கிடைக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரமாட்டேன் என்கிறான். இது பாவமா?" என்று ஒரு தாய் கண்ணீரோடு கேட்டாள்.

சம்மணமிடுவதும் மூச்சைச் சீராக்குவதும் தம்மிலே பாவமல்ல. நாமும் முழங்காலிடுகிறோம், கைகூப்புகிறோம்; ஆத்துமத்தோடு சரீரமும் செபிக்கவேண்டும் என்பதற்காக அல்லவா? அர்ச். இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளில், மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பரலோக மந்திரத்தை மனதில் சொல்லித் தியானிக்கும் முறையைக் கற்பிக்கிறார். அந்நூலைப் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-ம் ஆண்டிலேயே அங்கீகரித்தார். குளித்தலை அருகே காவிரிக்கரையில் 1950-ல் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் சாந்திவனத்தை நிறுவி, இந்நாட்டுத் துறவிகளைப்போல் வாழ்ந்து மௌனத்தில் ஆண்டவரைத் தேடினார்கள். பிற மதங்களில் உண்மையும் பரிசுத்தமுமானதைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது.

அப்படியானால் ஆபத்து எங்கே? வேறு தெய்வத்தின் நாமத்தை உச்சரிக்கச் சொன்னால் கிறிஸ்தவன் அதற்கு இணங்கலாகாது. இது எவருக்கும் எளிதில் விளங்கும். மறைந்து நிற்கும் ஆபத்து வேறொன்று. சரீரப் பயிற்சியால் வரும் இதமான உணர்ச்சியை இஸ்பிரீத்துசாந்துவின் ஆறுதலென்று எண்ணி ஏமாறக்கூடாது என்று, 1989-ல் விசுவாசக் கோட்பாட்டுச் சபை ஆயர்களுக்கு எழுதிய நிருபம் எச்சரிக்கிறது. அமைதி நல்லதே. நல்ல நித்திரையும் அமைதி தருகிறது. ஆனால் நித்திரை செபமாகாது. செபம் என்பது பிள்ளை தன் தகப்பனோடு பேசுவது. அமைதி வந்தாலும் வராவிட்டாலும் அவர் கேட்கிறார். ஜெத்சமெனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் இரத்த வேர்வையோடல்லவா செபித்தார்?

ஆகையால், தியானம் செய்கிறவர்களே, உங்களையே சோதித்துப் பாருங்கள். பாயைவிட்டு எழுந்தபின் கடுஞ்சொல் குறைந்ததா? பகைத்தவனை மன்னிக்க மனம் வந்ததா? தேவநற்கருணையின்மேல் பசி கூடியதா? கூடியிருந்தால் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லுங்கள். பூசையே வேண்டாமென்று தோன்றினால், நீங்கள் தேடுவது ஆண்டவரை அல்ல, உங்களையே.

தாய்மார்களே, பிள்ளையின் பாயைச் சுருட்டி எறியாதீர்கள். அருகில் நீங்களும் உட்கார்ந்து, மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பரலோக மந்திரத்தைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு அவன் கையைப் பிடித்துப் பூசைக்கு அழைத்து வாருங்கள்.