குரங்குக் குட்டியின் பிடி

ஜீவன் உய்வதற்கு அதன் முயற்சியும் வேண்டுமா, அன்றி ஈசுவரனுடைய கிருபை ஒன்றே போதுமா என்னும் வினா, தமிழகத்து வைஷ்ணவ ஆசாரியர்கள் பல தலைமுறைகளாக விசாரித்து, முடிவில் அவர்தம் வழிவந்தோர் இரு கலைகளாகப் பிரிந்து நிற்கும் அளவுக்கு ஆழமாய்ப் போன வினாவாகும். தாய்க்குரங்கு கிளைக்குக் கிளை தாவும்போது அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு செல்லும் குட்டியைப்போல, ஜீவனும் தன்னால் இயன்ற ஒரு சிறு பற்றுதலையேனும் காட்டவேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாயே வாயால் கவ்வி இடம் மாற்றுகிறது. அவ்வாறே ஜீவன் வாளா கிடக்க, இறைவன் தானே வந்து கைக்கொள்வான் என்பது தென்கலையார் கொள்கை. சரணாகதி என்பது ஒரு வியாஜம், அதாவது கொடுக்கக் காத்திருப்பவன் கொடுப்பதற்குத் தேடும் ஒரு முகாந்தரம் என்று வேதாந்த தேசிகர் வழியினர் சொன்னார்கள். அந்த முகாந்தரமும் வேண்டா, கிருபை நிர்ஹேதுகமானது, காரணத்தை எதிர்பாராதது என்று பிள்ளை லோகாசாரியர் வழியினர் சொன்னார்கள்.

மும்பையின் மாட்டுங்காவில் ஒரு மார்கழி மாலையில் பெரியவர் ஒருவர் இவ்விரு நியாயங்களையும் உபந்நியாசத்தில் எடுத்து விளக்கக் கேட்டபோது எனக்கு இருபது வயதிருக்கும். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் குட்டியின் கைகளையே நினைத்துக்கொண்டு நடந்தேன். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. பின்னர்ப் பல ஆண்டுகள் கழித்து, தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கீழே தையல் கார்கானாவும் மேலே எங்கள் இரவு வகுப்புமாக இருந்த ஒரு வீட்டில், வட்டே இல்லாத பழைய நெட்வொர்க் கம்ப்யூட்டர்களுக்குக் கர்னல் அமைத்துக்கொண்டிருந்த ஓர் இரவில், அந்தக் குட்டியின் கைகள் மறுபடியும் என் நினைவுக்கு வந்தன. அவ்வறைக்குச் செல்லச் செங்குத்தான ஓர் இரும்பு ஏணியும், ஏறுகிறவர் பிடித்துக்கொள்வதற்காக மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு கயிறும் உண்டு. தாராவியில் மாடி வைத்த வீடுகளில் இது சாதாரணக் காட்சியே.

நெட்வொர்க் கம்ப்யூட்டர் என்பது 1995-ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனத்து லாரி எல்லிசன் உலகறிய முழங்கிய ஒரு கருத்து. ஒவ்வொரு மேசையிலும் விலையுயர்ந்த முழுக் கணினி எதற்கு; திரையும் விசைப்பலகையும் சிறிதளவு நினைவகமும் உள்ள ஓர் எளிய பெட்டியை வைத்து, அறிவையும் சேமிப்பையும் தொலைவிலுள்ள ஒரு பெரிய சர்வரில் வைத்தால் போதாதா என்பதே அதன் சாரம். நம் சென்னையிலும் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் மும்பைத் தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயினும் முன்னின்ற நொவேஷியம் நிறுவனம், எளியவர் வீட்டுக்கும் எட்டும் விலையில் நோவா நெட்பிசி என்ற அத்தகைய பெட்டியை உருவாக்கியது. அந்தக் கருத்து எல்லிசன் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் அலுவலகங்கள் பலவற்றில் அந்த ஜாதிப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் உழைத்தன. உழைத்து ஓய்ந்தபின், மும்பையில் கழிக்கப்படும் பொருள்களில் பெரும்பகுதியைப்போல அவையும் பழஞ்சரக்கு வாங்கும் பங்கார் வண்டியில் ஏறின. தாராவியின் தேரா காம்பவுண்டில் உடைபடுவதற்கு முன்பு ஆறு பெட்டிகளை எடைக்கு விலை பேசி நாங்கள் வாங்கிவந்தோம். ஒவ்வொன்றிலும் 64 எம்.பி. நினைவகம், வியா நிறுவனத்தின் சி3 செயலி, ஓர் ஈதர்நெட் வாய், வட்டு கிடையாது.

கர்னல் என்பது கணினியை நடத்தும் மென்பொருளின் உட்கரு. அது நினைவகத்தில் குடியேறியபின்பே மற்ற எல்லாம் நடக்கும். லினக்ஸின் மூலநிரலை நாமே தொகுப்பதானால் அது நம்மிடம் ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கும். இந்த ஒலி அட்டை வேண்டுமா, இந்தக் கோப்பு முறைமை வேண்டுமா, இந்தச் சாதனத்தை அறிய வேண்டுமா என்ற ஒவ்வொன்றுக்கும் சொல்லத்தக்க பதில் பெரும்பாலும் மூன்றே: ‘ஒய்’ என்றால் உட்கருவிலேயே கலந்து நிற்கும், ‘எம்’ என்றால் தனி மாட்யூலாக வெளியே இருந்து, வேண்டும்போது வந்து சேரும், ‘என்’ என்றால் அறவே இல்லை. செயலி எது என்ற கேள்விக்குத் தவறான விடை சொன்னால், செயலி அறியாத ஓர் ஆணை அதன்முன் வைக்கப்பட்டு, பெட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் உறைந்துவிடும். எனக்கும் முதல் இரண்டு இரவுகள் அப்படித்தான் கழிந்தன.

64 எம்.பி.க்குள் வாழவேண்டிய வீட்டில் துறவே முதல் தர்மமாகிறது. மோடத்தை நீக்கினேன், ஒலியை நீக்கினேன், இனி எந்தக் காலத்திலும் செருகப்படாத கருவிகள் நூற்றுக்கணக்கானவற்றை நீக்கினேன். நீக்க முடியாதவற்றுள் இயன்றதையெல்லாம் ‘எம்’ என்று எழுதி, சர்வரில் உள்ள பொதுக் களஞ்சியத்தில் வைத்தேன். கையில் எதையும் சேர்த்து வைக்காமல், வேண்டும்போது வேண்டியதைப் பெற்றுக்கொள்ளும் ஒரு பிக்ஷுவைப்போல இந்தப் பெட்டி வாழும் என்று நினைத்தபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டாயிற்று. அந்தப் பெருமையில்தான் பிழை செய்தேன். ஈதர்நெட் வாயை இயக்கும் வியா ரைன் டிரைவரையும், தொலைவிலுள்ள கோப்புகளைத் தன்னுடையவைபோல் காட்டும் என்.எஃப்.எஸ்ஸையும்கூட ‘எம்’ என்று எழுதிவிட்டேன்.

பெட்டியை முடுக்கினேன். கரிய திரையில் வெள்ளெழுத்துகள் மளமளவென்று ஏறின; செயலியைக் கண்டது, நினைவகத்தை எண்ணியது, கடிகாரத்தைத் திருத்தியது. பிறகு கடைசி வரியில், மூலக் கோப்புத் தொகுதியை இணைக்க இயலவில்லை என்ற செய்தியோடு கர்னல் பேனிக் என்று நின்றது. அந்த மூலத்தை ஆங்கிலத்தில் ‘ரூட்’ என்பார்கள். வேர் என்று பொருள். வேரைக் காணாமல் அந்தப் பெட்டி நின்றுவிட்டது. காரணம் விளங்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. டிரைவர் சர்வரில் இருக்கிறது. சர்வரை அடைய நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்கை அடைய அந்த டிரைவர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். டிரைவரைக் கட்டுச்சோறுபோல ஒரு சிறு மூட்டையில் கட்டிக் கர்னலோடு அனுப்பிவைக்கும் உபாயம் ஒன்று உண்டு. ஆனால் அந்த மூட்டையும் புறப்படும்போதே கூட வந்தாகவேண்டும். போய்ச் சேரும் இடத்தில் அது கிடைக்காது.

கீழே தையல் இயந்திரங்கள் ஓய்ந்திருந்த அந்த நேரத்தில் குரங்குக் குட்டி என் மனத்தில் வந்து அமர்ந்தது. எல்லாவற்றையும் பிறரிடமிருந்து பெறலாம். பெறுவதற்குரிய அந்தப் பிடியை மட்டும் பிறரிடம் விட்டுவைக்க முடியாது. உதவி எவ்வளவு பெரியதாக இருப்பினும், அதைக் கூப்பிடும் சக்தி உதவியின் பக்கத்தில் இருந்தால் அது நமக்கு இல்லாததே ஆகும். அது உட்கருவில் கலந்து நிற்கவேண்டும். டிரைவருக்கும் என்.எஃப்.எஸ்ஸுக்கும் உரிய இரு வரிகளிலும் ‘எம்’ என்பதை அழித்து ‘ஒய்’ என்று எழுதினேன்.

பெட்டி விழித்தெழும் முறையை நெருங்கிப் பார்த்தவர்க்கு அது ஒரு தத்துவப் பாடமாகவே தோன்றும். மின்சாரம் பாய்ந்தவுடன் அதற்குத் தன் பெயர் தெரியாது, நெட்வொர்க்கில் தன் முகவரி தெரியாது, யாரைக் கேட்பது என்பதும் தெரியாது. ஈதர்நெட் அட்டையில் பொறித்த ஆறு பைட் எண் ஒன்றே அதன் கைம்முதல். அந்த எண்ணைச் சொல்லி, இன்னாரை நோக்கி என்று இல்லாமல் கம்பியில் உள்ள எல்லாரையும் நோக்கி, ‘நான் யார்?’ என்று கேட்கிறது. 1985-இல் வகுக்கப்பட்ட பூட்பி என்னும் நெறியும், அதன் வழிவந்த டி.ஹெச்.சி.பி.யும் இக்கேள்விக்கு இலக்கணம் செய்தவையே. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி அக்கேள்வியை உள்நோக்கிக் கேட்கச் சொன்னார். இப்பெட்டியோ வெளிநோக்கிக் கேட்கிறது. சர்வர் முகவரியைச் சொல்லும்; பிறகு கர்னலை 512 பைட்டுகள் கொண்ட சிறு கவளங்களாக ஊட்டும். ஒரு கவளம் வந்து சேர்ந்தது என்று பெட்டி சொன்னபின்பே அடுத்த கவளம் வரும். கர்னல் முழுதும் வந்து விழித்தபின், முன்பு கேட்டது போதாதென்று, தன் சொந்த டிரைவரைக் கொண்டு அதே கேள்வியை மறுபடியும் தானே கேட்கவேண்டும். முன்னோர் கேட்டுப் பெற்ற விடை பிள்ளைக்குச் செல்லுபடியாவதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து தாதரில் இறங்கினார். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது, போகவேண்டிய வீட்டின் எண்ணும் தெரியாது. வழி கேட்டுக் கேட்டுத் தாராவிக்குள் வந்து, 1913-இல் தமிழர் எழுப்பிய கணேசர் கோயிலருகே நின்று, தம் ஊர்ப் பெயரை உரக்கச் சொல்லி, ‘அந்த ஊர்க்காரவுக யாராச்சும் இங்கன இருக்கீகளா?’ என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டாராம். தோல் ஷாப்பில் வேலை முடித்து வந்த ஒருவர் நின்று, ‘ஏலே, நீ யாரு மவன்?’ என்றார். அன்றிரவு படுக்க இடமும் மறுநாள் வேலையும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தன. ஊர்ப்பெயர் ஒன்றே அவருடைய ஆறு பைட். கூப்பிட்ட குரல் அவருடையது. மற்றவையெல்லாம் பிறர் தந்தவை.

இதனால் வடகலையார் பக்கமே உண்மை என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. ஏனெனில் அந்தக் கர்னலை அந்தப் பெட்டி தானே செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளவும் அதனால் ஆகாது. மூலநிரலைத் தொகுப்பதற்கு வேண்டிய இடமும் வலிமையும் அதனிடம் இல்லை. வேறொரு பெரிய கணினியில் அமர்ந்து, இந்த எளிய பெட்டியின் இயல்பையும் குறையையும் எண்ணிப்பார்த்து, அதற்கென்று தொகுத்து, அதன் வாயில் ஊட்டியது மற்றொரு கை. ஆகவே ‘ஒய்’ என்று எழுதப்பட்ட அந்தப் பிடி பெட்டியினுள் இருப்பினும், பெட்டி சம்பாதித்தது அன்று. குரங்குக் குட்டியும் தன் விரல்களைத் தானே வளர்த்துக்கொண்டா பிறந்தது? தாயின் வயிற்றைப் பற்றும் அந்த விரல்கள் தாயின் வயிற்றிலேயே உருவானவை அல்லவா! பற்றுவது குட்டி, பற்றும் சக்தியைத் தந்தது தாய் என்று கண்டபின், வியாஜம் என்று சொன்னவரும் நிர்ஹேதுகம் என்று சொன்னவரும் ஒரே தாயின் இரு செயல்களையே, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக வைத்து, வருணித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்டிக்கு ஏக்கம் இல்லை, பக்தி இல்லை. அதை ஜீவனுக்கு ஒப்பிடுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். சந்திரன்போன்ற முகம் என்றால் முகத்தில் களங்கத்தைத் தேடுவார் இல்லை. உபமானம் ஒரு பக்கத்தைத்தான் விளக்கும். அந்த ஒரு பக்கம் தெளிவானால் போதும்.

அந்தத் தெளிவு ஏட்டோடு நின்றுவிடுவதற்கு உரியதன்று. தாராவியில் பிறந்தவன் இரண்டு உபதேசங்களைக் கேட்டே வளர்கிறான். ‘பொறுத்திரு, ஒருநாள் எல்லாம் வரும்’ என்பது ஒன்று. ‘நீ எட்டிப் பிடிக்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை’ என்பது மற்றொன்று. பூனைக்குட்டியின் பெயரால் ஒருவனைச் சும்மா இருக்கச் சொல்வதும், குரங்குக் குட்டியின் பெயரால் அவன்மேல் பழி சுமத்துவதும் இரண்டுமே அதர்மம். கர்னலைத் திருத்திய மறுநாள் மாலை, பெட்டி சரியாகவே விழித்து, டி.ஹெச்.சி.பி. கேள்வியை அனுப்பத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் திரையில் ஒரு புள்ளி விழும். விடை வராவிட்டால் முன்னதினும் சற்று நீண்ட நேரம் காத்திருந்து மறுபடியும் கேட்கும், மறுபடியும் ஒரு புள்ளி. புள்ளிகள் வரிசையாய் நீண்டுகொண்டே போயின. பெட்டியில் குறை தேடிக் களைத்தபின்தான் கண்டேன்: சர்வரை நான் முடுக்கவே இல்லை. கூப்பிட்டவன்பேரில் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியவன் உறங்கிக்கொண்டிருந்தான். அதன் பின்னர், பதில் கிட்டாத ஏழை ஒருவனைப் பார்க்கும்போதெல்லாம், அவன் சரியாகக் கேட்டானா என்று விசாரிக்குமுன், கேட்கவேண்டிய காதுகள் விழித்திருந்தனவா என்று விசாரிக்க நான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே முன்னே வந்து சேர்ந்தவர்களுக்குக் கடமைகள் இரண்டு என்று கருதுகிறேன். பின்னே வரும் குழந்தைக்குள், வேறெதை வைக்காவிட்டாலும், கூச்சமின்றிக் கேட்கும் சக்தியை உட்கருவிலேயே கலந்து வைக்கவேண்டும். அது கேட்கும்போது விடை சொல்லத் தாம் விழித்திருக்கவும் வேண்டும். எங்கள் இரவு வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் அதற்குப் பின்னரே வந்தன.

சர்வரை முடுக்கியபின் ஆறு பெட்டிகளிலும் புள்ளி வரிசை நிற்க, அவை ஒன்றன்பின் ஒன்றாக வேரைக் கண்டுகொண்டன. அப்போது கீழே சந்தில் குழந்தைகளின் குரல் கேட்டது. முதலில் ஏறியவள் எட்டு வயதுச் சிறுமி; புத்தகப் பையை முதுகில் மாட்டி, இரும்பு ஏணியில் ஒரு காலை வைத்து, இரு கைகளாலும் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தக் கயிற்றை அவள் கட்டவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ உத்தரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். பற்றிய கைகள் அவளுடையவை. நான் வாசலுக்கு வந்து நின்றேன்.