முதல் வரியில் சம்பளம்

திருப்பூரில் பத்துப் பவர் டேபிள் போட்டுப் புதிதாகக் கம்பெனி தொடங்கியிருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் நேற்றுவரை அதே டேபிளில் உட்கார்ந்து தைத்தவர்கள். கைமடியாகச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, ஓவர்லாக் பழகி, கட்டிங் மாஸ்டராகி, வீட்டு நகையை அடகு வைத்து, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஜாப் ஒர்க்கில் ஆரம்பித்தவர்கள். இந்த ஊரை வளர்த்ததே அந்த ஏற்றம்தான். தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டபோதெல்லாம் அவர்கள் ‘உழைப்பு’ என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்களாம்.

சொன்னது உண்மைதான். ஆனால் தம்பி, இன்று உங்கள் ஷெட்டில் ஓடுவது யாருடைய உழைப்பு?

முப்பது வருடம் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன் நான். ஒரு சனிக்கிழமை ராத்திரி என் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அன்று மாலை நாலு மணிக்கு ஒரு பார்ட்டியிடமிருந்து பணம் வந்தது. முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன்: நூல் கடைக்கு இவ்வளவு, சாயப்பட்டறைக்கு இவ்வளவு, கரண்ட் பில், வங்கித் தவணை. கடைசியில் சம்பளத்துக்குப் பணமில்லை. “திங்கட்கிழமை தர்றோம்னு சொல்லிடுங்க” என்றார். வெளியே வந்து நான்தான் சொன்னேன். செக்கிங் பார்க்கும் ஓர் அம்மா வரிசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அட்டைப் பெட்டியிலிருந்து கிழித்த துண்டில் மளிகைச் சாமான் எழுதி வைத்திருந்தார். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய் அரை லிட்டர். அதைப் படிக்கும் தூரத்தில்தான் நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு, “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ‘சரிங்க’தான் நம்மைக் கெடுக்கிறது. பணம் தராவிட்டால் நூல்காரர் நூலை நிறுத்திவிடுவார். சாயப்பட்டறைக்காரர் துணியை விடமாட்டார். வங்கி நோட்டீஸ் அனுப்பும், மின்வாரியம் ஃபியூசைப் பிடுங்கும். நிறுத்தி வைக்க எதுவும் கையில் இல்லாதவர் தொழிலாளி ஒருவர்தான். ஆறு நாள் வேலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு நிற்கிறார். அதனால்தான் அவரைக் கடைசி வரியில் எழுதுகிறோம். நம்மை ஒன்றும் செய்யமுடியாதவருக்கு முதலில் கொடுப்பவனைத்தான் நாணயஸ்தன் என்று நான் சொல்வேன். கழுத்தில் கத்தி வைத்தவனுக்கு யாரும் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. பெரிய எக்ஸ்போர்ட்டர் உங்கள் பில்லை மாதக்கணக்கில் இழுக்கிறார். சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை செலவுக் கணக்கில் காட்டமுடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். இருந்தும் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் நீங்கள் வாய் திறப்பதில்லை. இதைப் படிக்கிற எக்ஸ்போர்ட்டர் ஐயாமார்களே, உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்னக் கம்பெனிக்காரனின் பணம் மட்டும் இல்லை. அந்த மளிகைத் துண்டும் உங்கள் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர் எப்படி ஆடிப்போயிற்று என்று பார்த்தோம். அந்த மாதிரி நேரத்தில் முதல் வெட்டு எங்கே விழுகிறது? ஷிப்டைக் குறை, ஆளை நிறுத்து, பீஸ் ரேட்டில் ஐம்பது காசு பிடி. நெருக்கடி வரும்போதும் சம்பள வாக்கைக் காப்பாற்றத்தான், அதை முதலில் எடுத்துவைக்க நல்ல நாளிலேயே பழகிக்கொள்ளச் சொல்கிறேன். கூலித் தகராறு முற்றினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குத் தெரியும்: 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அடுப்பு எரியாத 127 நாள். அப்போது தெருவில் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் உங்களில் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். என்று பிடித்துவிட்டு அலுவலகத்தில் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25. அந்தச் சின்னத் தொகையை நம்பி, நெஞ்சுவலியோடு ஒருவர் ஆஸ்பத்திரி கவுண்டரில் போய் நிற்கிறார். உங்கள் பெயரில் பணமே கட்டவில்லையே என்கிறார்கள். பண நெருக்கடி, பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்று இதற்குச் சமாதானம் சொல்லாதீர்கள். பிடித்த பணம் உங்களுடையதே இல்லை. எடுத்தால் திருட்டு.

ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்த மெஷினில் உட்கார்ந்திருப்பவரை மறுநாள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் பீஸை மூஞ்சியில் விட்டெறிந்தபோது காது எப்படிச் சூடேறியது என்று. அன்று நீங்கள் வாங்கிய அதே வார்த்தைகள் இன்று உங்கள் வாயிலிருந்து வருகின்றன. அப்படித் திட்டினால்தான் வேலை நடக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை, திட்டு வாங்கிய கை அடுத்த அரைமணி நேரம் கோணலாகத்தான் தைக்கும். ஆல்டரேஷன் கூடும், அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்தில் இது திட்டோடு நிற்பதில்லை. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். மாதக்கணக்கில் தொல்லை கொடுத்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மறுவருடம் ஏப்ரலில் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. தளத்திலேயே வேலை செய்யும் பெண்கள் கண்காணிப்பாளர்களாக இருந்து, தொல்லை நடந்தால் பயமில்லாமல் சொல்ல அதில் வழி செய்தார்கள். ஓர் உயிர் போனபிறகு வந்த ஏற்பாடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதலே சட்டம். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா? ஆடிட் வருகிறது என்று சுவரில் ஒட்டிய காகிதத்தை நான் கேட்கவில்லை. லைன் சூப்பர்வைசர் உங்கள் மச்சானாகவே இருந்தாலும் ஓர் அம்மணி வந்து உங்களிடம் நேரில் சொல்லமுடியுமா? அதைத்தான் கேட்கிறேன்.

டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் விட்டது. ஆட்களை வெளியேற்றினார்கள். கீழே இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை மறுநாள் வரவேண்டாம் என்றது. மேலே இருந்த ஆடைக் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டினார்கள். 24-ஆம் தேதி காலை கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அந்த மிரட்டலுக்குப் பின்னால் இருந்த சொல் நமக்கும் பழக்கமானதுதான்: ஷிப்மென்ட். விரிசலைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போனவர்கள் அந்தத் தொழிலாளிகள். மாதச் சம்பளம் பிடித்து வைக்கப்படும் என்ற பயம் விரிசலைவிடப் பெரிதாக இருந்தது. சம்பளத்தைச் சாட்டையாக வைத்திருக்கும் இடத்தில் ஆபத்து என்று தெரிந்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் ஷெட்டில் ராத்திரி ஷிப்டுக்கு ஷட்டரை வெளியே பூட்டுகிறீர்களா? பின்பக்கக் கதவில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறதா? இதைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தைக்கிற பிள்ளைகளைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில், தங்களைப் போன்றவர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்களைப் பார்த்துப் பயந்து அவர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறியபோது, எத்தனையோ முதலாளிகள் பதறினார்கள். “போகாதே, நான் இருக்கிறேன்” என்று சொன்னார்கள். அந்தப் பதற்றத்தில் மெஷின் நின்றுவிடுமே என்ற கவலையும் கலந்திருந்திருக்கலாம். இருக்கட்டும், சொன்ன வாக்கு நல்ல வாக்கு. நீங்களும் அதைக் காப்பாற்றுங்கள். பத்துப் பேரை ஒரு ரூமில் அடைத்துவிட்டு, ஒன்றரை ஷிப்டுக்கு ஒற்றைக் கூலி போட்டுவிட்டு, நான் இருக்கிறேன் என்று சொல்லமுடியாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-இலேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிய கணக்கு.

சம்பளத்தை முதலில் கொடுப்பது எளிதாக ஒரு வழியும் சொல்கிறேன். சம்பளத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். எந்த பில் பணம் வந்தாலும், நூல் கடைக்குப் போன் போடும் முன்னால் அந்த வாரச் சம்பளத்தை அதில் போட்டுவிடுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள், வீட்டு விசேஷத்துக்குக்கூட. பணம் உண்மையிலேயே வரவில்லையென்றால் புதன்கிழமையே கூப்பிட்டுச் சொல்லுங்கள், எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். நான் அப்படிப் போய் நின்றவன்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். நோட்டில் புதுப் பக்கம் ஒன்று திருப்புங்கள். முதல் வரியில் சம்பளம் என்று எழுதி, கீழே ஒவ்வொருவர் பெயராக எழுதுங்கள். ‘ஹிந்திப் பசங்க நாலு பேர்’ என்று எழுதாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் எழுந்து லைனுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து எழுதுங்கள்.