எல்லாளனின் தேரும் சாரதியில்லாக் காரும்

சாரதி இல்லாமல் ஓடும் கார் ஓர் உயிரைக் கொன்றால் அந்த வினை யாரைச் சேரும்? சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிற என் தங்கையின் மகளிடம் இதைக் கேட்டேன். அவள் வேலைக்குப் போவதே பல நாள் அப்படிப்பட்ட காரில்தான். "பெரியம்மா, அது மனுசரைவிட நல்லா ஓடுது. குடிக்காது, கோவிக்காது, போனைப் பார்க்காது. நீங்கள் இன்னும் பாவ புண்ணியத்தில நிக்கிறியள்" என்றாள். ஓய்வுபெறும் வரை பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்தவள் வேறு எதில் நிற்பது?

அவள் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. வேமோ நிறுவனத்தின் கார்கள் சாரதியில்லாமல் ஓடிய 56.7 மில்லியன் மைல்களை வைத்து அதன் ஆய்வாளர்கள் 2025 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மனிதர் ஓட்டும் வாகனங்களோடு ஒப்பிட்டால் பாதசாரிகள் காயப்பட்ட விபத்துகள் 92 சதவீதம் குறைவாம். கம்பனிக்காரரே தங்களைப் பற்றிச் சொல்லும் கணக்கு என்று பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் மிச்சம் நிற்பது சின்ன விஷயமல்ல. இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள். அதில் எத்தனை சாவு மதுவாலும் நித்திரையாலும் போட்டி ஓட்டத்தாலும் வந்தது என்று எங்கள் ஊர்ச் செத்தவீடுகளிலேயே கேட்டு அறியலாம். கொல்லாமையை அறம் என்று படிப்பித்தவள், குறைவாகக் கொல்லும் வண்டியை வேண்டாம் என்று சொல்வதானால் அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும். அந்த இடத்தில் தங்கை மகள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் என் கேள்வி வேறு. வண்டி எவ்வளவு பத்திரமானது என்று நான் கேட்கவில்லை. பத்திரமான வண்டியும் ஒருநாள் கொல்லும். அன்றைக்கு யார் இறங்கி வருவார் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. சேக்கிழார் பெரியபுராணத்தில் திருவாரூரில் வைத்துச் சொன்ன மனுநீதிச் சோழன் கதையை, அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன் மகாவம்சம் அநுராதபுரத்தில் வைத்துச் சொல்கிறது. அங்கே அரசன் எல்லாளன். சோழநாட்டிலிருந்து வந்து 44 வருடம் ஆண்டவன். எதிரியாக வந்தவனை நீதிமான் என்று பௌத்த நூலே எழுதிவைத்திருக்கிறது. அவனுடைய கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணி. அதன் நீண்ட கயிறு, நீதி கேட்டு வருகிற யாரும் இழுக்கலாம். இளவரசனின் தேரில் அகப்பட்டுக் கன்று சாகிறது, தாய்ப்பசு வந்து மணியை அடிக்கிறது, அதே தேர்ச்சில்லால் மகனின் தலை துண்டிக்கப்படுகிறது. பெரியபுராணத்தில் சிவபெருமான் தோன்றிக் கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுக்கிறார். மகாவம்சத்தில் ஒருவரும் எழும்பி வருவதில்லை.

வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் எப்போதும் மகனுக்காகத்தான் வாதாடுவார்கள். "டீச்சர், அவன் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே? கண்டுதானே துள்ளி விழுந்தது?" பெரியபுராணத்து அமைச்சர்களின் வாதமும் அதுதான், அந்தணர் விதித்தபடி பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் ஒப்பவில்லை. வேறொருவன் கொன்றால் தண்டனை, என் மகன் கொன்றால் பிராயச்சித்தமா என்று கேட்கிறான். அந்தப் பிராயச்சித்தத்தால் தாய்ப்பசுவின் துயரம் தீருமா என்றும் கேட்கிறான். முதல் கேள்வி சட்டத்துக்கு. இரண்டாவது கேள்விக்கு இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் பதில் இல்லை.

2018 மார்ச் 18 ஆம் திகதி இரவு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை ஊபர் நிறுவனத்தின் பரீட்சார்த்தக் கார் அடித்துக் கொன்றது. தானாக ஓடும் கார் ஒரு பாதசாரியைக் கொன்ற முதல் சம்பவம் அது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே இயந்திரம் அவளைக் கண்டுவிட்டது என்று விசாரணை காட்டியது. கண்டும், அவள் வாகனமா, சைக்கிளா, இன்னதென்று தெரியாத பொருளா என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடப்பார்கள் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கடக்கிறோம். காரோடு கூடவே வந்த அவசரகால உடன் பிரேக்கையும் பரீட்சைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். கண்காணிக்க இருந்த பெண் ஊழியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு என்ன? நிறுவனத்தின் மீது குற்றவியல் வழக்கில்லை என்று 2019 இல் அறிவித்தார்கள். அதன் பாதுகாப்பு ஒழுங்குகள் போதாதவை என்று மத்திய விசாரணைச் சபை அறிக்கையில் எழுதியது, அதோடு சரி. ஊழியர் மட்டும் 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். தேரைச் செய்தவர், பூட்டியவர், ஏவியவர், இலாபம் பார்க்க இருந்தவர் எல்லோரும் வீட்டுக்குப் போக, தேரில் காவலுக்கு நின்றவர் மட்டும் கூண்டில் ஏறினார்.

இப்படியான சாவுகளில் எங்கள் ஆட்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "அவளின்ர காலம் முடிஞ்சுது." சைவசித்தாந்தம் தெரிந்தவர் இன்னும் ஒருபடி மேலே போய் அது பிராரத்தம், இப்பிறவியில் அனுபவிக்க வந்த வினை என்பார். சரி, அனுபவித்தது அவளுடைய பிராரத்தமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பலன் யார் மூலம் வந்ததோ அவர் ஆகாமியம் என்ற புது வினையை ஈட்டுகிறார் என்பதையும் அதே சித்தாந்தம்தான் சொல்கிறது. செத்தவரின் விதி கொன்றவரின் கணக்கைத் தீர்க்காது. தீர்க்குமென்றால் எல்லாளன் கன்றின் விதியைச் சொல்லிவிட்டு நித்திரைக்குப் போயிருப்பான்.

அப்படியானால் ஆகாமியம் இயந்திரத்துக்கா? இல்லை. இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உயிருக்கே உரியவை. காரில் கிரியை போல ஒன்று இருக்கிறது; ஞானம் போல ஒன்றும் இருக்கிறது. இச்சை இல்லை. அது சடம், சடம் இருவினை ஈட்டாது. ஆக வினை திரும்பி மனிதரிடம்தான் வரவேண்டும். மனம், வாக்கு, காயம் என்ற மூன்றாலும் வினை வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சில்லைச் சுழற்றும் கட்டளையை எழுதியவர் காயத்தால் ஒன்றும் செய்யவில்லை. மனத்தாலும் வாக்காலும் செய்திருக்கிறார். உடன் பிரேக்கை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் தலையாட்டியவரும் செய்திருக்கிறார்.

"ஆயிரம் பேர் சேர்ந்து எழுதினது பெரியம்மா, ஆரைப் பிடிக்கிறது?" என்று தங்கை மகள் கேட்டாள். நல்லூரில் 24 ஆம் நாள் தேரை ஆயிரக்கணக்கானவர்கள்தான் இழுக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சின்னக் கோயில் தேருக்கும் வடத்தில் நூறு கை விழும். அவர்களில் ஒருவருக்கும் சில்லு தெரியாது. முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு சில்லடியிலும் வெறுங்காலோடு ஒருவர் குனிந்தபடி நடப்பார். கையில் முட்டுக்கட்டை, அதன் ஒரு பக்கம் சில்லு ஏறி ஏறி நசிந்து நார் நாராய்ப் போயிருக்கும். தேர் திரும்பும் மூலையில் அதைச் சரியான இடத்தில் செருகி, சில்லு ஏறுமுன் கையை எடுக்க வேண்டும். பிழைத்தால் முதலில் போவது அவருடைய விரல். அவர் யாரென்று ஊருக்குத் தெரியும். அவர் "நிப்பாட்டு" என்றால் தர்மகர்த்தாவும் நிற்கத்தான் வேண்டும். பலர் சேர்ந்து செய்கிற காரியம் என்பதாலேயே அதில் ஒருவரைப் பெயர் சொல்லி நிறுத்துகிறோம்.

மக்கள் ஒரு வண்டியை ஏற்றுக்கொள்வதும் இதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். என் ஐயா யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஹயர் கார் ஓடியவர். ஒஸ்ரின் ஏ40. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், சேலைன் போத்தலில் தொங்கும் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினவர். அந்தக் காரை யாரும் பத்திரமானது என்று சொல்லமாட்டார்கள். ஒருநாள் உரும்பிராய்ப் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்து அடிபட்டது. பின்னால் இருந்தவர்கள், "விடுங்கோ அண்ணை, ஒருத்தரும் காணேல்லை" என்றார்கள். ஐயா அவர்களை வேறு வாகனம் பிடித்துப் போகச் சொல்லிவிட்டு, ஆட்டுக்காரி தோட்டத்தால் வரும்வரை அவளுடைய படலையடியில் இருந்தார். அவள் வந்து வாய்க்கு வந்தபடி ஏசினாள், காசையும் வாங்கினாள். பிறகு மகளைப் பிள்ளைப்பேறுக்குக் கொண்டுபோக அவள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது ஐயாவின் காரைத்தான்.

சான்பிரான்சிஸ்கோவில் 2024 பெப்ரவரியில் ஒரு கூட்டம் வேமோ கார் ஒன்றை நடுவீதியில் கொளுத்தியது. 2025 ஒக்ரோபரில் இன்னொரு வேமோ கார், ஒரு கடையில் வளர்ந்த கிட்கற் என்ற பூனையைக் கொன்றது. அந்த வீதிச் சனம் பூவும் மெழுகுதிரியும் வைத்து அழுதது. நகரசபை உறுப்பினர் ஒருவர் இந்தக் கார்களை விடுவதா என்று அந்தந்தப் பிரதேச வாக்காளர்களே முடிவு செய்யட்டும் என்றார். மனிதர் ஓட்டும் கார்களில் எத்தனையோ பூனை சாகிறதே, இதற்கு மட்டும் ஏன் இந்த ஆரவாரம் என்று கெட்டிக்காரர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏசுவதற்கு அங்கே ஒரு முகம் இருக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, பக்கத்து ஊரான சான் புரூனோவில் பிழையாகத் திரும்பிய வேமோ காரைப் பொலிஸார் மறித்துவிட்டு, தண்டச்சீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

இங்கே அந்தக் கார் வர இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் ஆளில்லாத பொறியிடம் உயிரைக் கொடுக்கிற பழக்கம் வந்துவிட்டது. 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. கோச்சிச் சத்தத்தையே அறியாத ஒரு தலைமுறை இடையில் வளர்ந்திருந்தது. பாதுகாப்பற்ற கடவை என்ற சொல் அதன் பிறகு பத்திரிகைகளில் ஓயவேயில்லை. எங்கள் பக்கத்து ஆளில்லாத ரயில் கடவை ஒன்றில் தானியங்கி மணி அடிக்கும், சிவப்பு வெளிச்சம் எரியும், கோச்சி வராது. மழைக்குப் பிறகு சில நாட்களில் கோச்சி வரும், மணி பேசாது. கேட்கப் போனால் ஓர் அலுவலகம் மற்ற அலுவலகத்தைக் கை காட்டும். இந்த நாட்டில் கடவை காப்பாளர்கள் நாளொன்றுக்கு 250 ரூபாவுக்கு வெயிலில் நின்றவர்கள். நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியவர்கள். பிழை நடந்தால் முதலில் விசாரிக்கப்படுவதும் அவர்கள்தான். டெம்பி நகரத்து ஊழியரின் கதை இங்கே முன்பே நடந்துகொண்டிருக்கிறது.

மகன் தலையைச் சில்லில் வைக்கச் சொல்லி இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மகாவம்சத்திலேயே எல்லாளனைப் பற்றி இன்னொரு சம்பவம் இருக்கிறது. அவன் போன வண்டியின் நுகத்தடி பட்டு ஒரு தூபியின் கற்கள் பெயர்ந்தன. வேண்டுமென்று நடந்ததல்ல. அவன் உடனே இறங்கி வீதியில் கிடந்து, என் தலையையும் சில்லால் அறுங்கள் என்றான். அமைச்சர்கள் தடுத்து, திருத்திக் கொடுங்கள் என்றார்கள். பெயர்ந்தது 15 கல். அவன் செலவழித்தது பதினையாயிரம் கஹாபண நாணயம். இறங்கு, நான்தான் என்று சொல், பட்ட சேதத்தைவிடப் பெரிதாகத் திருத்து. நவீன சட்டம் கேட்க வேண்டியதும் இவ்வளவுதான். பிரித்தானியா 2024 மே மாதம் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டம் அந்தத் திசையில் ஒரு படி போயிருக்கிறது: கார் தானாக ஓடும்போது நடக்கும் ஓட்டப் பிழைக்கு உள்ளே இருப்பவர் குற்றவாளியல்ல, அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். எங்கள் மோட்டார் வாகனச் சட்டம் 1951 இல் எழுதப்பட்டது. எத்தனை திருத்தம் வந்தும் அது சாரதியைத்தான் தேடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. சாரதியில்லாக் கார் மனிதரைவிடக் குறைவாகக் கொல்லுமானால் அது வரலாம், வரவும் வேண்டும். பொறுப்பாளியின் பெயர் எழுதாமல் வரக்கூடாது. அதற்கு முன் உங்கள் ஊர்க் கடவையைப் போய்ப் பாருங்கள். மணி வேலை செய்யாவிட்டால் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். இதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று பெயரோடு பதில் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.